வெள்ளையைத் துவைப்பவர்களிடமும் கேளுங்கள்

கல்வி அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும் மாகாணக் கல்வித் திணைக்களங்களின் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்தில் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவி. தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். பாடசாலைச் சீருடை தொடர்பாக உங்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவிகளின் சீருடையில் இடுப்புக்குக் கீழே வரும் பகுதியை வெள்ளையிலிருந்து கருநீலத்துக்கு மாற்றுங்கள். மலைநாட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டருக்கு நிறக் கட்டுப்பாடு வைக்காதீர்கள். உடையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பாடசாலை வாசலிலிருந்து திருப்பி அனுப்பக்கூடாது என்று அதிபர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

சீருடையே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சீருடையில் ஒரு சிறு மாற்றம் கேட்டால்கூட, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அலங்காரம் கேட்கிறது" என்று பேச்சை முடித்துவிடுகிற பெரியவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சீருடையின் அருமை எனக்குச் சனிக்கிழமைகளில் நன்றாகவே தெரியும். உயர்தரம் படிக்கிற பெரும்பாலானவர்களைப் போல நானும் நகரத்தில் நடக்கும் தனியார் வகுப்புக்குப் போகிறேன். அங்கே சீருடை கிடையாது. வெள்ளிக்கிழமை இரவே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்: போன கிழமை எதை உடுத்தினேன், தீபாவளிக்கு எடுத்த சட்டையை இதே மாதத்தில் மறுபடி உடுத்தலாமா, அக்காவின் சட்டை என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களா. பௌதிகவியல் பாடத்தில் கேள்வி கேட்க எழுந்து நிற்பதற்குக்கூட, உடை சரியில்லாத நாளில் எனக்கு இரண்டு மனமாக இருக்கும்.

திங்கட்கிழமை வந்ததும் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. வங்கி முகாமையாளரின் மகளும், மரக்கறி மொத்த வியாபாரியின் மகளும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகளும் ஒரே வெள்ளையில் ஒரே வாங்கில் உட்காருகிறோம். இது சிறிய காரியம் இல்லை. இந்த நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993 இல் சீருடைத் துணியும் இலவசமானது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் இந்தப் பாதைக்கு வெளியிலேயே நின்றன. 1970 களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. என் பாட்டி கையெழுத்துப் போடும் அளவோடு படிப்பை நிறுத்தி, கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர். என் அம்மா சாதாரண தரத்துக்கு முன்பே நின்றுவிட்டார். நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்றால் அந்தப் பாடநூலுக்கும் துணிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால், அந்த வெள்ளையை வெள்ளையாக வைத்திருப்பது யார், எப்படி என்பது நிறத்தைத் தீர்மானித்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு நீண்ட நாளாகவே இருக்கிறது.

எங்கள் பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வரத் தேயிலை மலையினூடாகக் குறுக்குப் பாதையில் இறங்க வேண்டும். மழை பெய்தால் அது செஞ்சேறு. வெள்ளைச் சப்பாத்தையும் காலுறையையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ரப்பர்ச் செருப்போடு, சீருடையின் கீழ்ப் பகுதியைக் கையில் திரட்டிப் பிடித்தபடி இறங்குவோம். வீதியோரத் தண்ணீர்ப் பீலியில் காலைக் கழுவிவிட்டுச் சப்பாத்தை மாட்டி பஸ்ஸுக்கு நிற்போம். அட்டை கடித்திருந்தால் அப்போதுதான் தெரியும். அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. அது விழுந்த பிறகும் இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். வெள்ளைக் காலுறையில் அது எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. பஸ்ஸில் நெரிசல். ஈரக்குடை ஒருவர் மீது, எண்ணெய்க் கறை படிந்த கம்பி இன்னொருவர் மீது. பாடசாலை வாசலில் மாணவத் தலைவர்கள் நிற்பார்கள். சீருடை அழுக்காக இருக்கிறது என்று பெயர் எழுதிக்கொள்வார்கள். அவர்களும் எங்கள் வயதுப் பிள்ளைகள்தான். சொன்னதைச் செய்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மலைநாட்டின் மேற்குச் சரிவில் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று இறங்கினால் செப்டெம்பர் வரை வெயிலைப் பார்ப்பது அரிது. அம்மா காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். எங்கள் வரிசைக் காம்பராக்களுக்கெல்லாம் ஒரே பீலி. சமையலுக்குத் தண்ணீர் பிடிப்பவர்கள் போன பிறகுதான் துணி துவைக்க முறை வரும். நான் என்னுடையதையும் தங்கையுடையதையும் தம்பியுடையதையும் துவைக்கிறேன். துவைப்பதாவது கைக்கு அடங்கிய வேலை. காய வைப்பதுதான் பெரும்பாடு. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கட்டிய கயிற்றில் போட்டால் காலையிலும் ஈரமாகவே இருக்கும். அடுப்புக்கு மேலே கட்டினால் காயும், ஆனால் விறகுப் புகை ஏறி மஞ்சள் படியும். இஸ்திரிப் பெட்டியால் ஈரத்தைச் சுட்டு உலர்த்தி உடுத்தினால் பத்து மணிக்குள் உடம்போடு குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் இல்லாத காலையில் ஈரத்தோடு போக வேண்டும், இல்லாவிட்டால் போகாமல் இருக்க வேண்டும். போகாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வரவுப் பதிவேட்டில் அவர்களுக்கு எதிரே "சுகயீனம்" என்று இருக்கும். சீருடை காயவில்லை என்று எந்தப் பிள்ளையும் ஆசிரியரிடம் காரணம் சொல்வதில்லை.

இரசாயனவியல் படித்த பிறகு எனக்கு இன்னொரு விடயம் புரிந்தது. எங்கள் மலை மண்ணின் சிவப்பு அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டுகளால் வருகிறது. கடையில் போத்தலில் விற்கும் குளோரின் வெளிற்றி அந்தக் கறையை அகற்றாது. சில வேளைகளில் இன்னும் இறுக்கமாகப் படியவைத்துவிடும். அம்மாக்கள் பல ஆண்டுகளாக அந்தப் போத்தலை வாங்கி, கறை போகவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றி, துணியை நைந்துபோகச் செய்திருக்கிறார்கள். தேசிக்காயில் இருக்கும் சித்திரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக் கரைத்துக்கொண்டு வரும். இதை எங்கள் லயத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். பலன் இருக்கிறது. ஆனால் தேசிக்காய் விலை ஏறியிருக்கும் மாதங்களில் யார் அதைச் சீருடைக்குப் பிழிவார்கள்? தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. அந்த உயர்வுக்காக எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பது நாடறிந்த கதை. அந்தக் கூலியிலிருந்துதான் சவர்க்காரமும் நீலமும் வெளிற்றியும் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளையும் வாங்கப்படுகின்றன.

இனி எழுதப்போவதை எங்கள் வீடுகளில் உரத்துப் பேசுவதில்லை. இந்த மடலின் மையமே இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

மாதவிடாய் நாட்களில் வெள்ளைச் சீருடை அணிந்து காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை வகுப்பில் இருப்பது எப்படிப்பட்டது என்பதை நீங்கள் அறிய வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் நேராக உட்காருவதில்லை, வாங்கின் விளிம்பில் உட்காருகிறோம். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் தோழியிடம் "பின்னால் பார்" என்று மெல்லக் கேட்கிறோம். நடக்கும்போது ஒருத்தி முன்னால், இன்னொருத்தி அவளை மறைத்துப் பின்னால். விடை தெரிந்தாலும் கை உயர்த்துவதில்லை. கை உயர்த்தினால் கரும்பலகைக்குக் கூப்பிடுவார்கள், வகுப்புக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். தண்ணீர் குடிப்பதில்லை, ஏனென்றால் கழிப்பறையில் தண்ணீர் வருமா என்று தெரியாது. சீருடைக்குள் கறுப்புக் காற்சட்டை ஒன்று, அதற்கு மேல் உள்பாவாடை ஒன்று, பிறகு சீருடை என்று மூன்று அடுக்கில் ஒளிந்துகொள்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிறு கறை தெரிந்துவிட்டால், அன்று அந்தப் பிள்ளைக்குப் பாடம் முடிந்தது. சில வேளை அந்தக் கிழமையே முடிந்தது. எட்டாம் தரத்தில் என்னோடு படித்த ஒருத்திக்கு இப்படி நடந்தது. பின் வாங்கிலிருந்து யாரோ சிரித்தார்கள். அதன் பின்னர் ஒவ்வொரு மாதமும் அவள் சில நாட்கள் வருவதே இல்லை. கணிதத்தில் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். விட்டுப்போன பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, சாதாரண தரத்தில் கணிதத்துக்கு அவள் பெற்ற பெறுபேறு அவளுக்கு உரியதே அல்ல.

இரத்தக் கறையைச் சுடுநீரில் கழுவினால் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிவிடும், குளிர்ந்த நீரில்தான் கழுவ வேண்டும் என்பது இந்த நாட்டில் பருவமடைந்த ஒவ்வொரு மாணவிக்கும் தெரியும். எந்தப் பாடநூலும் இதைச் சொல்லித் தரவில்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஜனவரி மாத அதிகாலையில் பீலித் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் மரத்துப்போகும். அந்தத் தண்ணீரில், விடிவதற்கு முன், யாரும் பார்க்காத நேரத்தில் சீருடையை அலசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளை நிறம் அவர்களிடம் கேட்கும் விலை இது.

அமைச்சு இதைப் பற்றி ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2018 வரை சுகாதாரத் துவாய்க்கான இறக்குமதி வரிகள் மொத்தமாக 100 சதவீதத்தைத் தாண்டியிருந்தன. பிறகு அவை குறைக்கப்பட்டன. 2024 இல் வசதி குறைந்த பாடசாலை மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் கொடுக்கப்பட்டது. அந்த வவுச்சரைக் கையில் வாங்கியபோது எங்களுக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் மறக்கவில்லை. மாதவிடாய் பற்றி அரசாங்கம் ஒரு காகிதத்தில் வெளிப்படையாகப் பேசியதே பெரிய விடயம். அதே அமைச்சு ஒரு கையால் துவாய் கொடுத்துவிட்டு, மறு கையால் வெள்ளைத் துணியைக் கொடுக்கலாமா? முதலாவதைக் கொடுத்த மனதுக்கு இரண்டாவதை மாற்றுவது கடினமாக இருக்காது என்று நம்புகிறேன்.

உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. விம்பிள்டன் டென்னிஸ் போட்டி வெள்ளை உடை விதிக்குப் பேர்போனது. அங்கேயே 2023 முதல் வீராங்கனைகள் பாவாடைக்கு உள்ளே அடர்நிறக் காற்சட்டை அணிய அனுமதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அயர்லாந்து மகளிர் ரக்பி அணி வெள்ளைக் காற்சட்டையை விட்டுக் கருநீலத்துக்கு மாறியது. இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணியும் உலகக் கிண்ணத்துக்கு நீலக் காற்சட்டையோடு போனது. அவர்களுக்கு மருத்துவர்கள், உடைமாற்றும் அறைகள், தண்ணீர், விலையுயர்ந்த பாதுகாப்புப் பொருட்கள் எல்லாம் உண்டு. அவர்களே கறைக்கு அஞ்சி ஆட்டத்தில் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஆட்டம் ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். எங்கள் பாடசாலை நாள் ஆறு மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் மலையும் பஸ்ஸும்.

சரி, மாற்றினால் சீருடையின் ஒற்றுமை கெட்டுவிடாதா? கெடாது என்பதற்குச் சான்று எங்கள் பாடசாலை முற்றத்திலேயே இருக்கிறது. கீழ் வகுப்புப் பையன்கள் வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் அணிகிறார்கள். மண்ணில் புரண்டு விளையாடும் வயதில் அவர்களுக்கு இடுப்புக்குக் கீழே நீலம் கொடுக்கப்பட்டிருக்கிறது. தம்பியின் நீலக் காற்சட்டையைத் துவைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த நீலத் துணியை அமைச்சு ஆண்டுதோறும் வாங்கிப் பங்கிடுகிறது. அதற்கான நிறம், தரம், விநியோகம் எல்லாமே ஏற்கெனவே உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. அதே நீலத்தில் எங்களுக்கு ஒரு பாவாடையோ நீள் காற்சட்டையோ கொடுப்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. என் வகுப்பு முஸ்லிம் தோழிகள் நீண்ட மேற்சட்டையும் நீள் காற்சட்டையும் தலைமறைப்பும் அணிந்து வருகிறார்கள். அதனால் எங்கள் வகுப்பின் ஒற்றுமைக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அட்டைக் கடியிலிருந்து அவர்கள் ஓரளவு தப்பிப்பதைப் பார்த்து நாங்கள்தான் ஏங்குகிறோம். சீருடைக்குள் வேறுபாட்டுக்கு இடமிருக்கிறது, இருந்தும் வருகிறது. பெண்பிள்ளைகளின் உடலுக்காக அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தக் கேட்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைத் தனியாக வேண்டிக்கொள்கிறேன். இந்த நிற மாற்றத்தை மலையகத்துக்கு மட்டும் என்று செய்துவிடாதீர்கள். "தோட்டப் பகுதிப் பாடசாலைகளுக்கு விசேட சலுகை" என்று ஒரு சுற்றுநிருபம் வந்தால், அது எங்களுக்கு உதவியாக இருக்காது. இன்று கண்டியிலோ கொழும்பிலோ பரீட்சைக்கோ போட்டிக்கோ போய் இறங்கினால், நான் எங்கிருந்து வருகிறேன் என்று என் உடையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து மாணவியும் அம்பாந்தோட்டை மாணவியும் நானும் ஒரே உடையில் நிற்கிறோம். எங்கள் மக்கள் இந்த மலைகளுக்கு வந்து 2023 இல் 200 ஆண்டுகள் நிறைந்தன. அதில் பெரும்பகுதி, மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட வரலாறுதான். சீருடையிலும் அப்படி ஓர் அடையாளம் எங்களுக்கு வேண்டாம். மாதவிடாய் எல்லா மாவட்டத்திலும் வருகிறது. வன்னியில் புழுதி, மட்டக்களப்பில் வெள்ளம், கொழும்பில் பஸ் நெரிசல். கருநீலம் எல்லோருக்கும் பொதுவாக வரட்டும்.

ஸ்வெட்டர் விடயம் வேறு. அது குளிர் இருக்கும் இடத்துக்கு மட்டும் உரியது. எனக்குத் தெரிந்த பாடசாலைகளில் பாடசாலைச் சின்னம் பொறித்த, குறித்த நிற ஸ்வெட்டர் மட்டுமே அனுமதி. வேறு நிறமானால் வாசலிலேயே கழற்றிப் பையில் வைக்கச் சொல்வார்கள். பையில் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு நடுங்கியபடி காலைக் கூட்டத்தில் நிற்கும் ஆறாம் தரப் பிள்ளைகளை நான் ஒவ்வொரு டிசெம்பரிலும் ஜனவரியிலும் பார்க்கிறேன். அந்தச் சின்னம் பொறித்த ஸ்வெட்டரின் விலை ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி. பிள்ளை வளர வளர அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடி வாங்க வேண்டும். மாமா துபாயிலிருந்து அனுப்பிய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை பூகோளம் படித்தால் என்ன குறைந்துவிடும்?

வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதைப் பற்றி நான் நீளமாக எழுதப்போவதில்லை. அது நடக்கிறது. சப்பாத்து அறுந்ததற்காக, கழுத்துப்பட்டி தொலைந்ததற்காக, றிபன் நிறம் மாறியதற்காக. தோட்டத்துப் பிள்ளை வாசலிலிருந்து திரும்பினால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், எல்லோரும் மலையில் இருப்பார்கள். அந்தப் பிள்ளை அன்று எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பாடசாலைக்கு வந்த பிள்ளையை உடைக்காக வெளியே விடுவது எந்த ஒழுக்கத்தையும் வளர்க்காது.

செலவு பற்றியும் யோசித்தேன். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டபோது சப்பாத்தும் கொப்பியும் வாங்க முடியாமல் எத்தனை வீடுகள் தவித்தன என்பது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு சீருடைத் துணியைச் சீனா நன்கொடையாகத் தந்தது. 2023 இல் தேவையின் 70 சதவீதம், 2024 இல் 80 சதவீதம், 2025 இல் முழுவதும். அந்த உதவிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் துணி வருகிறதே தவிர, தைத்து வருவதில்லை. தையற்காரரிடம் கொடுக்கும் கூலி எங்கள் வீட்டுக் கணக்கில் துணியின் விலையைவிடக் கனமாக விழுகிறது. துணியும் ஒரு சோடிக்குத்தான் போதும். மழை நாட்டில் ஒரு சோடியை வைத்துக்கொண்டு ஐந்து நாட்களை எப்படிக் கடப்பது? இரண்டாவது சோடியைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த 1 முதல் 8 ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு சோடி சீருடை தைத்தே கொடுக்கிறார்கள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் அவற்றைத் தைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருக்கலாம். அளவு பொருந்துவதில்லை என்ற முறைப்பாடுகளை நானும் வாசித்திருக்கிறேன். என்றாலும் அதன் அடிப்படை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் நாட்டின் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான். எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனையோ அக்காமார் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறார்கள். என் அக்கா கட்டுநாயக்காவில் சில ஆண்டுகள் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் சட்டைகளுக்குக் கை பொருத்தினார். திருமணத்துக்குப் பிறகு ஊர் திரும்பி, இப்போது தையல் இயந்திரம் வாங்க வழியில்லாமல் மலைக்குப் போகிறார். இப்படி ஒவ்வொரு தோட்டத்திலும் தையல் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். கல்வி வலயத்துக்கு ஒரு தையல் நிலையம் அமைத்து, அவர்களுக்கு முறையான கூலி கொடுத்து, எங்கள் சீருடைகளைத் தைக்க வைக்க முடியாதா? பிள்ளைகளின் அளவை எடுப்பதற்கு அவர்கள் பாடசாலைக்கே வரலாம். எங்களுக்குப் பொருந்துகிற உடை கிடைக்கும், அக்காவுக்கு ஒரு வேலை கிடைக்கும்.

பழைய வெள்ளைச் சீருடையை ஒரே நாளில் தூக்கி எறியச் சொல்லவும் வேண்டாம். அது பெற்றோருக்கு இன்னொரு சுமையாகிவிடும். கையில் இருப்பது நைந்துபோகும் வரை வெள்ளையும் செல்லுபடியாகட்டும், புதிய துணி நீலமாக வரட்டும். ஓரிரண்டு ஆண்டுகள் முற்றத்தில் இரண்டும் கலந்து நிற்கும். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

வெள்ளை தூய்மையின் நிறம், பாடசாலையின் கௌரவம், எங்கள் காலத்தில் நாங்களும் உடுத்தினோமே என்று பெரியவர்கள் சொல்வதையும் நான் மதித்துக் கேட்கிறேன். எங்கள் ஆசிரியைகள் பலர் அப்படிச் சொல்கிறார்கள். அவர்களும் அதே சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மலையேறி வருகிறவர்கள்தான். அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தலைமுறை பொறுத்துக்கொண்டது என்பதற்காக அடுத்த தலைமுறையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றால், பாட்டியைப் போல நானும் கையெழுத்தோடு நின்றிருக்க வேண்டும். பழைய மாணவிகளிடம் தனியே கேட்டுப் பாருங்கள். வெள்ளைச் சீருடையைப் பாசத்தோடு நினைப்பவர்கள்கூட, அந்த நாட்களின் பயத்தையும் நினைவில் வைத்திருப்பார்கள்.

எங்களிடமும் கேளுங்கள். பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. தேர்தல் வைக்கிறோம், அமைச்சர்களைத் தெரிவு செய்கிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். அந்தத் தீர்மானங்கள் பெரும்பாலும் குப்பைத்தொட்டியும் பூந்தோட்டமும் பற்றியவை. சீருடை பற்றிய கேள்வியை ஒரே நாளில் எல்லாப் பாடசாலைகளின் மாணவர் பாராளுமன்றங்களுக்கும் அனுப்பி, ஆண்டு 6 முதல் 13 வரையான மாணவிகள் பெயர் எழுதாமல் வாக்களிக்க இடம் கொடுங்கள். அவர்கள் வெள்ளையே வேண்டும் என்றால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இந்தச் சீருடையிலிருந்து வெளியேறிவிடுவேன். என் தங்கை தரம் 7 இல் படிக்கிறாள். அவள் போன மாதம்தான் பெரியவளானாள். அவள் இன்னும் பல ஆண்டுகள் அந்தப் பாதையில் இறங்கி, அந்த வாசலைக் கடந்து, அந்த வாங்கில் உட்கார வேண்டும். ஆகவே அடுத்த துணிக் கொள்வனவுக்கான அளவும் நிறமும் முடிவாவதற்கு முன்னர் இதை ஆராயுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஸ்வெட்டர் பற்றியும் வாசலில் திருப்பி அனுப்புவது பற்றியும் சுற்றுநிருபம் அனுப்ப எந்தக் கொள்வனவும் தேவையில்லை, ஒரு கையெழுத்துப் போதும். அதை அடுத்த மழைக்காலத்துக்கு முன் அனுப்புங்கள். சிங்களத்தில் அனுப்பும் அதே நாளில் தமிழிலும் அனுப்புங்கள். பெற்றோர் படிக்கும்படி அதைப் பாடசாலை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
உயர்தர உயிரியல் பிரிவு மாணவி ஒருத்தி,
நுவரெலியா மாவட்டம்.